ஆட்டுக்குச் சொன்ன பதில்கள்

நாகஜோதிக்கும் சுகந்திக்கும் பேச்சுவார்த்தை நின்று ஆறு வருஷம் ஆகிறது. பேச்சுவார்த்தைதான் நின்றது, பேச்சு நிற்கவில்லை.

இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டிய ஓரகத்திகள். முதுகுளத்தூரிலிருந்து சாயல்குடி போகும் பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, இரண்டு கிலோமீட்டர் நடந்தால் வரும் ஊரில், ஒரே வீட்டை நடுவில் ஆளுயரச் சுவர் வைத்து இரண்டாக்கி, கிழக்கே மூத்தவள் நாகஜோதியும் மேற்கே இளையவள் சுகந்தியும் குடியிருந்தார்கள். ஒருத்தி மற்றவளுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் நாகஜோதி தன் வெள்ளாட்டிடமும் சுகந்தி தன் கோழியிடமும் சொன்னார்கள். "அடுத்தவ வீட்டு வாசல எட்டிப் பாக்கலேன்னா ஒனக்குச் சோறு எறங்காதோ?" என்று சுகந்தி கேட்டால், அது தன்னைக் கேட்டதல்ல என்பது கோழிக்கே தெரியும். இந்த ஜாடைப் பேச்சில் ஒரு வசதி உண்டு. யாரும் யாரையும் திட்டியதாகப் பஞ்சாயத்தில் நிரூபிக்க முடியாது. ஆனால் தெரு முழுக்கக் கேட்கும். கேட்பதற்காகத்தானே பேசுவது.

சண்டைக்குக் காரணம் மிளகாய் வத்தல். ஆறு வருஷத்துக்கு முந்திய பங்குனியில் இரண்டு வீட்டு வத்தலும் பொதுக் களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. மேற்கே கறுத்துக்கொண்டு வந்ததைப் பார்த்த சுகந்தி தன் வத்தலை அள்ளித் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, நாகஜோதி வீட்டைத் தாண்டித்தான் நடந்து போனாள். ஒரு குரல் கொடுக்கவில்லை. நாகஜோதியின் வத்தல் நனைந்து கறுத்து, வியாபாரி காலால் தள்ளிப் பார்க்கும் சரக்காகிவிட்டது.

"மழை வருதுன்னு ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை" என்று நாகஜோதி ஆட்டிடம் சொன்னாள். ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

தெரிந்ததைச் சொல்லாமல் ஒரு மனுஷியால் எப்படி இருக்க முடியும் என்பது அவளுக்கு விளங்கவேயில்லை. அவளால் முடியாது. அந்த வியாதியால்தான் பள்ளிக்கூடமே போயிற்று. ஒன்பதாம் வகுப்பில் வாத்தியார் வேலூர்க் கிளர்ச்சி நடந்த வருஷம் 1857 என்று போர்டில் எழுத, இவள் எழுந்து "1806 சார்" என்றாள். அவர் கேட்காததுபோல் இருந்தார். இவள் இரண்டாம் தடவையும் சொன்னாள். மூன்றாம் தடவை அவர் அப்பனைக் கூட்டிவரச் சொன்னார். அய்யா வந்து, என்ன ஏது என்று கேட்காமலே வாத்தியாரைக் கும்பிட்டுவிட்டு மகளிடம் சொன்னார்: "நாளையிலருந்து காட்டுக்கு வா. அங்கன எவனும் போர்டுல எழுத மாட்டான்."

அதற்குப் பிறகு இருபத்துநாலு வருஷம் அவள் மிளகாய்க்குக் களை எடுத்தாள்.

இப்போது அவளுக்கு முப்பத்தொன்பது. உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தின் சத்துணவு அமைப்பாளர் அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார் என்று செய்தி வந்தது. பத்தாவது பாஸ், பக்கத்தில் வீடு, நாற்பது வயசுக்குள். ஊரில் பத்தாவது பாஸ் செய்த பெண்கள் எல்லோரும் திருப்பூருக்கோ கல்யாணத்துக்கோ போய்விட்டார்கள். மிச்சமிருந்த படிக்காதவர்களில் நாகஜோதி ஒன்பதாவது வரை போனவள். அவளுக்கு இருந்தது ஒரே ஒரு பரீட்சை, ஒரே ஒரு தடவை. அடுத்த தடவைக்கு அவள் நாற்பதைத் தாண்டியிருப்பாள்.

புருஷன் முத்துகிருஷ்ணன் ஆட்சேபிக்கவில்லை. "எழுது. பெயிலானா வெளிய சொல்லாத" என்றான். அதுதான் அந்த வீட்டில் வாழ்த்து.

தனித்தேர்வராக விண்ணப்பம் போட அவள் முதுகுளத்தூர் போன அன்று, வரிசையில் தனக்கு முன்னால் ஒரு தெரிந்த கொண்டையைப் பார்த்தாள். சுகந்தி. அவளும் ஒன்பதாவதோடு நின்றவள்தான். அவள் பிறந்த ஊருக்கு வந்துகொண்டிருந்த ஒரே பஸ் நின்றதோடு படிப்பும் நின்றது. அவளுக்கு வயசு முப்பத்துமூன்று. இன்னும் ஏழு தடவை எழுதலாம். அதுதான் நாகஜோதிக்கு எரிந்தது.

இராமநாதபுரம் போய் நாகஜோதி ஐந்து பாடத்துக்கும் கைடு வாங்கி வந்தாள். சுகந்தி வாங்கவில்லை. "ஒரு வீட்டுக்கு எதுக்கு ரெண்டு கைடு?" என்று அவள் கோழியிடம் கேட்டபோது நாகஜோதிக்கு அர்த்தம் புரியவில்லை. கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டாள்.

மார்கழியில் படிப்பு சூடுபிடித்தது. விடிகாலையில் சுகந்தி சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து உரக்கப் படிப்பாள்.

"இதயத்தில் உள்ள அறைகள் மூன்று. இதயத்தில் உள்ள அறைகள் மூன்று."

நாகஜோதி அடுப்பை விட்டு எழுந்து வந்து ஆட்டின் முன்னால் நின்றாள். "ஏ மூதி. மூணா? தவளைக்குத்தான் மூணு. மனுசனுக்கு நாலு. நீ எந்தக் கணக்குல படிக்கிற?"

ஆடு அசை போட்டது. அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"அட்டையின் உடலில் இருபத்திரண்டு கண்டங்கள் உள்ளன."

"முப்பத்துமூணு! இந்தக் கம்மாயில எறங்குனவளுக்கு அட்டையத் தெரியாதா? ஒன் ரத்தத்தக் குடிச்ச அட்டை கேட்டா வெக்கப்படும்."

"முயலுக்குக் கோரைப் பல் உண்டு."

"இல்ல. முயலுக்குக் கோரைப் பல்லே கெடையாது. கோரைப் பல்லு இருக்கது ஒனக்கு."

இப்படியே தை போய் மாசி வந்தது. வேலைக்குப் போகிற பெண்கள் தூக்குச்சட்டியோடு வாசலில் நின்று இரண்டு பாடம் கேட்டுவிட்டுத்தான் போனார்கள். டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் கிழவர்களுக்குக்கூடச் சிவப்பணுவின் ஆயுள் நூற்றிருபது நாள் என்று தெரிந்துவிட்டது. நாகஜோதிக்கு நாளுக்கு நாள் நிம்மதி கூடியது. இவ்வளவு தப்பாகப் படிக்கிற ஒருத்தி எங்கே பாஸ் பண்ணப் போகிறாள்? பதிலைச் சொல்லிக் கொடுக்கிறோமே என்ற எண்ணம் அவளுக்கு வரவில்லை. அவள் திட்டிக்கொண்டிருந்தாள், திட்டுவதில் பாடமும் இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு நாள் சுவரோரம் காய்ந்த துணியை எடுக்கக் கல்மேல் ஏறியவள், அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டாள். சுகந்தி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் பழைய கேள்வித்தாள். பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு. கையில் பேனா. கேள்வியைப் பார்த்தாள், வாய்க்கு வந்த ஒரு பதிலைச் சுவரைப் பார்த்துக் கத்தினாள், பிறகு பேனாவைத் தாளில் ஊன்றிக் காத்திருந்தாள்.

நாகஜோதி கல்லிலிருந்து இறங்கி, துணியை எடுக்காமலே உள்ளே போய் உட்கார்ந்தாள். இரண்டு மாசமாக அவள்தான் அந்த வீட்டு இரண்டாவது கைடு.

"வாய மூடிக்கிட்டு இருந்தாப் போச்சு" என்றான் முத்துகிருஷ்ணன். அவனுக்கு எல்லாமே சுலபம்.

மறுநாள் அவள் வாயை மூடிக்கொண்டாள். காந்தியடிகள் பிறந்தது சென்னையில் என்று சுகந்தி படித்தாள். நாகஜோதி சும்மா இருந்தாள். நீரின் வாய்பாடு எச் மூன்று ஓ என்று படித்தாள். நாகஜோதி அடுப்பங்கரைச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். "ஒன்றரை நாள் தாங்குனா" என்று முத்துகிருஷ்ணன் பிற்பாடு டீக்கடையில் பெருமையாகச் சொன்னான்.

இரண்டாம் நாள் மத்தியானம் அவளுக்கு இதைவிட நல்ல யோசனை வந்தது. மூடுவதைவிடத் திறப்பது சுலபம். தப்பான பதிலாகச் சொல்லிக் கொடுத்தால்?

"இன்சுலினைச் சுரப்பது கல்லீரல்" என்றது மேற்கு.

நாகஜோதி ஆட்டின் கொம்பைப் பிடித்தாள். தொண்டையைச் செருமினாள். "கல்லீரலா? மண்ணீரல், மூதி! மண்ணீரல்!"

அந்த நேரம் பார்த்துத் தெருவில் கருவாடு விற்கும் ஹமீது சுல்தான் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தான். மாரியூர்ப் பக்கமிருந்து வாரம் இரண்டு தடவை வருகிறவன். வண்டியை நிறுத்தி, வாசலைப் பார்த்து ரொம்ப மரியாதையாகச் சொன்னான்.

"அக்கா, மண்ணீரல் இல்லக்கா. கணையம். எம் மக லாமியா பத்தாவதுதான் படிக்கிது. வீட்டுல பூரா இதே பாட்டுத்தான்."

தெருவில் ஐந்து பேர் நின்றார்கள். ஐந்து பேரும் நாகஜோதியைப் பார்த்தார்கள். ஒருத்தி வாய்க்குள் சேலையை வைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாதா கணையம்னு?" என்றாள் நாகஜோதி.

"இல்லக்கா, மண்ணீரல்னு சொன்னீங்க."

"ஒனக்கு இப்பக் கருவாடு விக்கணுமா, வேணாமா?"

சுவருக்கு அந்தப் பக்கம் சுகந்தி கோழியிடம் சாவகாசமாகச் சொன்னாள்: "கருவாட்டுக்காரன் பாஸாயிருவான் போலயே. சில பேருதான் சந்தேகம்."

அன்று ராத்திரி நாகஜோதி சாப்பிடவில்லை. சுகந்தி பாஸாவதைக்கூட ஒரு மாதிரி சகித்துக்கொள்ளலாம். நாகஜோதிக்கு இன்சுலின் தெரியாது என்று ஐந்து பேர் ஐந்து வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பதை எப்படிச் சகிப்பது? மறுநாள் விடிந்ததும், யாரும் கேட்காமலே, கணையத்தையும் அதிலுள்ள லாங்கர்ஹான் திட்டுகளையும் ஆட்டுக்கு முழுசாக விளக்கினாள். அதோடு தப்பான பதில் சொல்லும் திட்டம் கைவிடப்பட்டது. பரீட்சை வரைக்கும் சரியான பதில்களாகவே சுவரைத் தாண்டிப் போயின. ஒவ்வொன்றும் போகும்போது அவளுக்கு வயிறு எரிந்தது. எரிய எரியப் போட்டாள்.

பரீட்சை ஹாலில் வேறொரு சிக்கல் காத்திருந்தது. கேள்வித்தாள் வந்தது. படித்தாள். ஒன்றும் வரவில்லை. தலைக்குள் களத்து வெயில் மாதிரி வெறும் வெளிச்சம். அவள் இதுவரை ஒரு கேள்விக்கும் பதில் சொன்னவளே இல்லை. தப்பான பதிலுக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறாள். இந்தத் தாளோ எதையும் தப்பாகச் சொல்லாமல் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

பத்து நிமிஷம் வியர்த்தாள். பிறகு கண்ணை மூடி, சுகந்தியின் மூக்கால் பேசுகிற குரலை நினைத்துக்கொண்டாள். தாவரம் எதை எடுத்துக்கொண்டு உணவு தயாரிக்கிறது? 'ஆக்சிஜன்' என்றது அந்தக் குரல். நாகஜோதிக்குச் சுர்ரென்று ஏறியது. கார்பன் டை ஆக்சைடு என்று எழுதினாள், பேனா தாளைக் கிழிக்கிற அழுத்தத்தில். அதன்பிறகு நிற்கவில்லை. நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பகுதி அவளுக்குத் திருவிழா. தப்பான மூன்றையும் சுகந்தி வாயில் போட்டுத் திட்டித் தீர்த்துவிட்டு மிச்சத்துக்கு டிக் அடித்தாள். மேற்பார்வைக்கு வந்த டீச்சர் இரண்டு தடவை பக்கத்தில் வந்து, "யாரம்மா மூதிங்கிறீங்க?" என்று கேட்டார்.

முடிவு வந்தது. நாகஜோதி இருநூற்று ஐம்பத்தொன்று, பாஸ். சுகந்தி இருநூற்று அறுபத்துமூன்று, பாஸ். அந்தப் பன்னிரண்டு மார்க்கை நாகஜோதி தன் கைப்பட எடுத்துக் கொடுத்ததாகவே நினைத்தாள். மேற்கே கோழிக்கு அன்று கைநிறையக் கம்புத் தானியம் விழுந்தது.

நேர்காணலுக்கு இருவருக்கும் ஒரே தேதியில் தாள் வந்தது. எந்த ஆபீஸ் என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும். மாடியில் இருக்கிறது என்பது போதும். சுகந்தியை முதலில் கூப்பிட்டார்கள். வராந்தாவில் போட்டிருந்த பெஞ்சில் இடம் இருந்தும், நாகஜோதி நேராக அறையின் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள். காற்றுக்காக என்று பியூனிடம் சொன்னாள்.

உள்ளே மூன்று பேர் மேசைக்குப் பின்னால். நடுவில் இருந்தவர்தான் பெரியவர். அவரிடம் ஒரு தாள் இருந்தது; தாளில் ஐந்து கேள்விகள் இருந்தன.

"ஒன்னாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு எவ்வளவு அரிசி?"

சுகந்தி மேசையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்து, சுவரோரம் உட்கார்ந்து படிக்கும் அதே குரலில் சொன்னாள். "நூத்தம்பது கிராம் சார்."

நூறு கிராம். ஆறாவதுக்கு மேலேதான் நூற்றைம்பது. நாகஜோதியின் வாய் தானாகத் திறந்தது. அவள் முந்தானையை உருட்டி அதற்குள் திணித்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. பிரசவத்துக்குக்கூட அவள் இப்படிப் பல்லைக் கடித்ததில்லை. தப்பு என்று அந்த ஆபீஸர் சொல்லட்டும், அவர் வேலை அது, அவர் சொல்லுவார்.

"கரெக்ட்" என்றார் ஆபீஸர். டிக் அடித்தார்.

நாகஜோதி வாயிலிருந்து துணியை எடுத்தபோது அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"ஒன்னாம் வகுப்புப் பிள்ளைக்கு எவ்வளவு அரிசிம்மா?"

"நூறு கிராம்."

"நூத்தம்பது" என்றார் அவர், பேனாவை எடுத்து.

"நூறு."

"ஏம்மா, இப்பத்தான் ஒருத்தர் சரியாச் சொல்லிட்டுப் போறாங்க."

"அவ என்னைக்குச் சரியாச் சொன்னா? நீங்களும் தப்பாத்தான் சொல்றீங்க. நூத்தம்பது ஆறாவதுலருந்து. அஞ்சாவது வரைக்கும் நூறு. அந்த அலமாரில பைல் இருக்குல்ல, எடுத்துப் பாருங்க."

அந்த அறையில் ஆடு இல்லை, கோழி இல்லை. ஒரு ஆளின் முகத்துக்கு நேராகத் தப்பு என்று சொல்லி இருபத்துநாலு வருஷம் ஆகிவிட்டதை அவள் சொன்ன பிறகுதான் உணர்ந்தாள். அய்யா உயிரோடு இருந்தால் இந்நேரம் கும்பிட்டிருப்பார்.

"வெளிய போங்க" என்று அவர் சொல்வதற்குள், ஓரத்தில் இருந்த பெண் அதிகாரி எழுந்து பைலை எடுத்துவிட்டார். புரட்டினார். விரல் வைத்தார். பைலைப் பெரியவர் பக்கம் தள்ளினார். பெரியவர் ரொம்ப நேரம் படித்தார். மூன்று வரிதான் இருந்தது. பிறகு சுகந்தியின் தாளில் இருந்த டிக்கை ஒரு கோடு போட்டு அடித்தார். அடிக்கும்போது தாளை அல்ல, நாகஜோதியைத்தான் முறைத்தார்.

முதுகுளத்தூர் பஸ் ஸ்டாண்டில் இருவரும் ஒரே பஸ்ஸுக்காக நின்றார்கள். ஜாடை பேச ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. சுகந்தி அதைப் பார்த்துச் சொன்னாள்: "இன்னைக்கின்னு பாத்து வாயில துணிய வச்சுக்கிட்டியே. எப்பவும்போல ஜன்னல்ல நின்னு கத்திருந்தா பியூனு கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளிருப்பான்."

நாகஜோதி அதே நாயிடம் திரும்பினாள். "அப்பத் தெரிஞ்சேதான் நூத்தம்பதுன்னு சொன்னியா?"

"எனக்கு நூறுன்னு தெரியாதா? இன்டர்வியூத் தாள் வந்ததுலருந்து எட்டு தடவை ஆட்டுக்கிட்டச் சொன்னாளே ஒரு புண்ணியவதி."

நாய் எழுந்து வேறு இடத்துக்குப் போனது.

இருபது நாளில் உத்தரவு நாகஜோதி பேருக்கு வந்தது. அவள் பள்ளிக்கூடத்து அடுப்படிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தெருவை இரண்டு முறை தேவையில்லாமல் நடந்தாள். வேலையில் சேர்ந்த மூன்றாவது வாரம் இன்னொரு தாள் வந்தது. திங்கட்கிழமை இராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸில் சுகந்தி கொடுத்த மனுவின் நகல். அதன்மேல் ஏழு நாளுக்குள் விளக்கம் தரச் சொல்லி, அடிக்கப்பட்ட டிக்கை இன்னும் மறக்காத பெரியவரின் கையெழுத்து.

மனு குண்டு குண்டான எழுத்தில் இருந்தது. 'மேற்படி நாகஜோதி, நான் நேர்காணலில் இருந்தபோது கதவோரம் நின்று ஒட்டுக்கேட்டு, கேள்வியை முன்கூட்டியே தெரிந்துகொண்டு பதில் சொன்னார். ஆகவே அவரது நியமனத்தை ரத்து செய்ய வேண்டும்.'

"அந்த ஒரு கோட்டுக்குப் பழி வாங்குறான்" என்றான் முத்துகிருஷ்ணன். "ஒன்னும் பயமில்ல. பொய்ப் புகார்னு ஒரே வரி எழுதிக் குடு. கதவுக்கிட்ட நீ நிக்கவே இல்லன்னு பியூன் சொல்லுவான். முடிஞ்சு போச்சு."

அது உண்மை. பியூன் சொல்லுவான். நாகஜோதி வெள்ளைத்தாளை எடுத்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் சுகந்தி மனுவை உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். "கதவோரம் நின்று ஒட்டுக்கேட்டு" என்ற இடம் வந்ததும் நிறுத்தினாள். மறுபடி படித்தாள். "கதவோரம்." இன்னொரு தடவை. "கதவோரம் நின்று."

இது பொறி என்று நாகஜோதிக்குப் பளிச்சென்று தெரிந்தது. இவ்வளவு தெளிவாக எந்தப் பொறியும் அவளுக்குத் தெரிந்ததில்லை. கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்தாள். ஒரே வரி. பொய்ப் புகார். எழுதினால் சாவி இங்கேயே இருக்கும்.

"கதவோரம்" என்றது மேற்கு.

நாகஜோதி குனிந்து எழுதினாள். எழுதி முடித்து முத்துகிருஷ்ணனிடம் நீட்டினாள். அவன் படித்தான்:

'மனுவில் கதவோரம் என்று இருப்பது தவறு. நான் நின்றது ஜன்னலோரம். கேள்வியும் கேட்டது, அவள் சொன்ன பதிலும் கேட்டது. நூற்றைம்பது கிராம் என்றாள். தாங்கள் கரெக்ட் என்றீர்கள். ஒட்டுக்கேட்டதை அப்படியே சொல்லியிருந்தால் நானும் நூற்றைம்பது என்றுதான் சொல்லியிருப்பேன். நான் சொன்னது நூறு. இப்படிக்கு.'

"வேலை போயிருச்சு" என்றான் அவன்.

"எதுல தப்பு இருக்கு? காட்டு."

அவன் திரும்பப் படித்தான். தப்பு ஒன்றும் இல்லை. அதனால்தான் அவன் தாளைத் திருப்பித் தரவில்லை.

அவள் தாளைப் பிடுங்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய், சுவரருகே நின்று, எவருடைய ஆட்டையும் கோழியையும் கூப்பிடாமல், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நிறுத்தி நிதானமாக வாசித்தாள். "கேட்டுச்சா?" என்றாள் நாகஜோதி.

"மெதுவாச் சொல்லு" என்றாள் சுகந்தி. "எழுதிக்கிட்டிருக்கேன்."